பாப்பா பள்ளிக்கூடம் போகுதா என்று கேட்டவருக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நேரில் நன்றி சொல்ல வந்தால் "அது என் வேலைம்மா" என்று வண்டியைக் கிளப்பிவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் ரோடுகளில் சளி டப்பாவும் மாத்திரை அட்டையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அலைகிற காசநோய் சிகிச்சை மேற்பார்வையாளர் யார் கையில் இது கிடைத்தாலும், தனக்கு வந்த கடிதமாகவே அவர் வைத்துக்கொள்ளட்டும்.

2018இல் எங்கள் அப்பாவுக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தீர்கள். அந்த மாத்திரை அரசாங்கத்துடையது. அதற்கான நன்றியை அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. இந்த நோய் எங்கள் வீட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறது என்று உட்கார்ந்து கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் இருமினால் எங்கள் பக்கம் யாரும் பதறுவதில்லை. அலுமினியப் பவுடரும் கந்தகமும் நெஞ்சுக்குள் போகாத ஆள் யார் இருக்கிறார்கள்? "தூசி இருமல், லீவு விட்டா சரியாயிரும்" என்பார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை அவருக்கு. பீஸ் ரேட்டு. ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் எங்கள் ஊரில் எவரும் படுக்க முடியாது. வருஷத்துக் கடனை அடைக்கிற காசு அந்த நாலு மாதத்தில்தான் வரும். அதன் முடிவில் தீபாவளி போனஸ். அந்த ஆடியில் இருமத் தொடங்கியவர், போனஸை நினைத்து இருமலை விழுங்கிக்கொண்டே வேலைக்குப் போனார்.

முதலில் மருந்துக்கடையில் சிரப். பிறகு ஒரு கிளினிக்கில் ஊசி, இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. கடைசியில் மதுரைக்குப் போய் ஸ்கேன். போகிற இடமெல்லாம் புதிதாக ஒரு பை மாத்திரை. வாடகைக் கார், சாப்பாடு, கூட வந்த சித்தப்பாவின் ஒரு நாள் கூலி. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனபோது அப்பாவுக்கு என்ன நோய் என்றே எங்களுக்குத் தெரியாது. சிவகாசி அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுத்து, காசநோய் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டிருந்தது. காசநோய்க்குச் சிகிச்சை இலவசம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும், அது உண்மைதான். ஆனால் அந்த இலவசத்தின் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கூலிக் குடும்பம் எவ்வளவு இழக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எப்போது சாப்பிட வேண்டும், சிறுநீர் சிவந்துபோனால் பயப்பட வேண்டாம், வாந்தி வந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்லி முடித்தீர்கள். அதோடு எழுந்து போயிருக்கலாம். நீங்கள் அம்மாவிடம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தீர்கள். வாரச் சம்பளம் எவ்வளவு? கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறதா? குழு லோன் இருக்கிறதா, என்றைக்குக் கட்ட வேண்டும்? வட்டிக்கு எங்கே வாங்கினீர்கள்? அம்மா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியாக என்னைப் பார்த்து, "பாப்பா பள்ளிக்கூடம் போகுதா?" என்றீர்கள்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, சித்தியோடு கம்பெனி வேனில் ஏறுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானாகச் சொன்னதுதான். வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் அம்மாவுக்குச் சொன்ன வழி இ.எஸ்.ஐ. அப்பாவின் சம்பளத்தில் அதற்குப் பணம் பிடிக்கிறார்கள் என்று தெரியும். சிவகாசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருப்பதும் தெரியும். அங்கே ஊசி போடுவார்கள், மாத்திரை கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நோயில் படுத்திருக்கிற நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதத்தை, வருஷத்துக்கு 91 நாள் வரை அவர்கள் கொடுப்பார்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு அதற்குப் பிறகும் 80 சதவீதம் தொடரும் என்பதும், தொடர்ந்து வேலை பார்த்துச் சந்தா கட்டியிருந்தால் இரண்டு வருஷம் வரை அதற்கு இடம் உண்டு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இ.எஸ்.ஐ. டாக்டர் கையெழுத்திட்ட சான்று இருந்தால்தான் அந்த நாள் கணக்கில் சேரும் என்றும், இன்றைக்கே போங்கள் என்றும் சொன்னீர்கள். தனியார் கிளினிக்குகளில் அலைந்த நாட்களுக்கு எந்தச் சான்றும் இல்லை. அவை போனது போனதுதான்.

பணம் உடனே வரவில்லை. தாளுக்கு மேல் தாள் கேட்டார்கள். ஆனால் வந்தது. வந்த நேரம் எப்படிப்பட்டது என்று எங்கள் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளைத்தான் தயாரிக்கலாம், சரவெடி கூடாது, பேரியம் கூடாது என்று உத்தரவு போட்டது. தீபாவளி முடிந்து அடைத்த கம்பெனிகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. அம்மா வீட்டில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்த வெடிக் குழாய்க்கும் வேலை நின்றது. தெருவே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தபோது எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது, படுத்திருந்த அப்பாவின் பெயரில் வந்த பணத்தில்தான். அந்தத் திங்கட்கிழமையும் நான் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமைகளிலும்.

இரண்டாவது மாதம் அப்பாவுக்குப் பசி வந்தது. அந்தப் பசியை நான் அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை. காலையில் சாப்பிட்டுப் பத்து மணிக்கு மறுபடி கேட்பார். உடம்பு தேறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்றீர்கள். அம்மா சந்தோஷத்தோடும் பயத்தோடும் அரிசி அளந்தார். அந்த வருஷம் ஏப்ரலில்தான் நிக்ஷய் போஷண் என்று சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் தரும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியிருந்தது. ஒரு நாளைக்குப் பதினேழு ரூபாய்கூட இல்லை. அப்பாவின் ஆதாரில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயருமாக இருந்ததால் அந்தப் பணமும் சிக்கிக்கொண்டது. நீங்கள் வங்கிக்கு வந்து வரிசையில் எங்களோடு நின்றீர்கள். ஒரு நோயாளிக்காக வங்கி வரிசையில் நிற்க வேண்டும் என்று உங்கள் வேலைப் பட்டியலில் எழுதியிருக்காது.

"தோப்பூர் ஆஸ்பத்திரியில சேர்த்துருங்க, வீட்டுல பிள்ளைங்க இருக்கு" என்று அத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் டி.பி. என்றாலே மதுரைக்குப் பக்கத்துத் தோப்பூர் என்று பழகிய மனது. ரொம்ப முற்றினவர்களுக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உள்ளவர்களுக்கும்தான் அது என்று சொல்லி, அப்பா வீட்டிலேயே இருக்கலாம் என்றீர்கள். ஏன் இருக்கலாம் என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1956இல் சென்னையில் ஒரு காசநோய் மருந்தாராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசாங்கம் எல்லாம் சேர்ந்து செய்தது. நகரத்து ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தும், பாதிப் பேரை அவரவர் குடிசையிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தது. குடிசையில் இரண்டும் இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான் உலகமெங்கும் சானடோரியங்களைத் தேவையில்லாமல் ஆக்கியது. அன்றைக்கு ஒத்துக்கொண்டு மருந்து சாப்பிட்ட சென்னைக் குடிசைவாசிகளுக்கும் இந்தக் கடிதத்தில் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். அப்பா எங்கள் திண்ணையில் படுத்து என் கணக்குப் பாடத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததற்கு அவர்களும் காரணம்.

அதே மையம், பிற்காலத்தில் காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரோடு, 1999இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நீங்கள் எங்கள் அம்மாவிடம் கேட்டதையே கேட்டிருக்கிறார்கள். ஒரு நோயாளிக்குச் சராசரியாக மொத்த இழப்பு 5,986 ரூபாய். அதில் மருந்து, பரிசோதனை, பயணம் என்று கையிலிருந்து போனது 2,052. வேலைக்குப் போக முடியாமல் போனது 3,934. வேலை இழந்த நாட்கள் 83. கடன் 2,079 ரூபாய். நான் இப்போது சிவகாசியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு இழப்பு கூலியில்தான் என்று அந்த ஆய்வு அப்போதே சொல்லியிருக்கிறது. மாத்திரையை மட்டும் இலவசமாக்கினால் மீதி மூன்றில் இரண்டை யார் கட்டுவது?

அந்த ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் 11 சதவீதம் பேர் படிப்பை நிறுத்தியிருக்கிறார்கள். மேலும் 8 சதவீதம் பேர் குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போயிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று நான் அலுவலகத்தில் அழுதுவிட்டேன், அண்ணே. அந்தப் பத்தொன்பது பேரில் நான் சேர்ந்திருக்க வேண்டியவள். நீங்கள் அந்த ஆய்வைப் படித்திருந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. படித்திருந்தாலும் சரி, வீடு வீடாக ஏறி இறங்கி நீங்களாகவே தெரிந்துகொண்டிருந்தாலும் சரி, வரும்போதெல்லாம் தவறாமல் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

எங்களுக்கு நடந்ததை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுத்த தெருவில் ஓர் அக்காவுக்கும் அதே வருஷத்தில் அதே நோய். அவர் வீட்டில் இருந்தபடியே குழாய் சுற்றுகிறவர். எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது, அதனால் இ.எஸ்.ஐ. கிடையாது. மாத்திரையும் மாதம் 500 ரூபாயும் அவருக்கும் வந்தது. ஆனால் குழு லோன் தவணைக்கு நோய் தெரியாது. வாசலில் வந்து நிற்கிறவருக்குப் பயந்து, காய்ச்சலோடு இரவில் குழாய் சுற்றினார். அவர் மகள் ஒன்பதாம் வகுப்போடு நின்றாள். ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே மேற்பார்வையாளர். நீங்கள் அவர் வீட்டுக்கும் போனீர்கள், அதே கேள்வியைக் கேட்டீர்கள். கேட்டபின் காட்டுவதற்கு உங்கள் கையில் வழி இல்லை. அவர்கள் வீட்டிலிருந்து வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றீர்கள் என்று அம்மா சொன்னார்.

எங்கள் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு கால் கரிசல் காட்டிலும் ஒரு கால் கம்பெனியிலும் இருக்கும். விவசாயக் கூலியாகப் பதிந்து உழவர் பாதுகாப்பு அட்டை வைத்திருப்பவருக்குக் காசநோய் வந்தால், சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தற்காலிக உதவி மாநில அரசிடமிருந்து கிடைக்க வழியிருக்கிறது. இதையும் நீங்கள் சொல்லித்தான் சித்தப்பா வீட்டில் தெரிந்துகொண்டார்கள். வழி தெரியாமலேயே எத்தனை வீடுகள் கடனில் மூழ்கின என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காசநோய் தின்றுவிட்டால் அதைப் பேரிழப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படி ஒரு குடும்பம்கூட 2020க்குப் பிறகு இருக்கக் கூடாது என்றும் இலக்கு வைத்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் எண்ணினாலே அந்த இலக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த நமக்கு இது புரியாத கணக்கில்லை. பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, பசித்த பிள்ளைக்கு மத்தியானச் சோறும் போட்டால்தான் அது வந்து உட்காரும் என்று கண்டு செய்தவர் நம் ஊர்க்காரர் காமராசர். மாத்திரைக்கும் அதேதான். ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் நான் முன்பு சொன்ன அதே சென்னை மையத்தோடு சேர்ந்து செய்தது. நோயாளிகளுக்கு மாதம் பத்துக் கிலோ என்று அரிசி, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் மற்றவர்களுக்குப் புதிதாகத் தொற்றக்கூடிய காசநோய் வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகள் இறப்பதும் வெகுவாகக் குறைந்தது. அம்மா பயந்து பயந்து அளந்த அரிசி அப்பாவை மட்டுமல்ல, எங்கள் எல்லோரையும் காப்பாற்றியிருக்கிறது.

சில காரியங்கள் நல்லபடியாக மாறியிருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரிலிருந்து அந்த 500 ரூபாய் 1,000 ஆகியிருக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நோய் தெரிந்தவுடனே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள். நாட்டிலேயே இப்படிச் செய்த முதல் மாநிலம் நாம்தான். அதே ஆண்டு ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஸ்கேனுக்கு மதுரை வரை ஓட வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இருந்ததுபோல் இன்றைய நோயாளிக்கு இல்லை. எனக்கு ஓர் ஆசை. உடம்பின் ஆபத்தை அளக்க வைத்திருக்கும் அந்தப் பட்டியலோடு வீட்டின் ஆபத்தை அளக்கவும் நாலு கேள்வி சேர்க்க வேண்டும். அட்வான்ஸ், தவணை, இ.எஸ்.ஐ., பிள்ளையின் படிப்பு. நீங்கள் மனசிலேயே வைத்துக் கேட்டவை, எல்லா மேற்பார்வையாளர் கையிலும் அச்சடித்த தாளாக இருக்கட்டும். கேட்டபின் கொடுப்பதற்கும் ஏதாவது இருக்கட்டும். வீட்டில் குழாய் சுற்றுகிற பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கம்பெனிகளைக் கேட்கிற துணிச்சல் அதிகாரிகளுக்கு வரட்டும். அவள் சுற்றுகிற குழாய் இல்லாமல் எந்த வெடியும் வெடிப்பதில்லை.

அப்பா குணமாகிவிட்டார். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. வெடிமருந்து அறைக்கு இனிமேல் போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் ஒரு அச்சாபீஸில் இரவுக் காவலாளியாக இருக்கிறார். பூச்சட்டி அடைத்தபோது வாங்கியதில் பாதிதான் இப்போது சம்பளம். அவர் உழைக்கிற கடைசி நாள் வரை அந்த மீதிப் பாதியும் காசநோய்க் கணக்கில்தான் சேரும். எந்த ஆய்வும் அவ்வளவு தூரம் கூடவே வந்து எண்ணியதில்லை. தோட்டை மீட்டது நான். என் முதல் வருஷச் சம்பளத்தில்.

நீங்கள் வேறு வட்டாரத்துக்கு மாறிப் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உங்கள் வேலை ஒப்பந்த வேலைதான் என்றும் கேள்விப்பட்டேன். அடுத்தவர் வீட்டுக் கடனையெல்லாம் கேட்டு எழுதியவரின் வீட்டில் என்ன நிலை என்று நாங்கள் ஒரு தடவையும் கேட்டதில்லை. உங்களுக்கும் உங்களோடு வேலை பார்க்கிற ஆய்வகத்து அக்கா, அண்ணன்மார்களுக்கும் வேலையை நிரந்தரமாக்கி, மரியாதையான சம்பளம் தர வேண்டும் என்று அரசாங்கத்தை இந்தக் கடிதத்தின் வழியாகக் கேட்கிறேன். இதைப் படிக்கிற முதலாளிகளும் அதிகாரிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

அடுத்த தெரு அக்காவின் மகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல் ஆகிறது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் பணம் கட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கணக்குப் படிக்க வருகிறாள். தேர்வு முடிந்ததும் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். எடுங்கள் அண்ணே.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
வெம்பக்கோட்டை.